இங்கிலாந்து அம்மாக்களை மறந்தவள்

ரோசலின் அக்கா வீட்டு ஜன்னல் ஓரத்தில், ஒரு எவர்சில்வர் டம்ளரில் சின்னதாய் ஒரு பூச்செண்டு இருந்தது. இரண்டு வெள்ளைச் சாமந்தி, ஒரு ரோஜா மொட்டு, கொஞ்சம் பச்சைத் தழை. தண்டைச் சுற்றி வெள்ளித் தாள். முந்தின நாள் பூ. சாமந்தியின் ஓரங்கள் பழுப்பேறத் தொடங்கியிருந்தன.

அது ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமை காலை. பெங்களூர் ஜீவனஹள்ளியில் அந்த நேரத்துக்குத் தண்ணீர் லாரி வரும். தெரு முழுக்கக் குடங்களின் சத்தம். நித்யாவை இடுப்பிலிருந்து இறக்கி அக்காவின் கையில் கொடுத்தேன். அவளுக்கு அப்போது ஒன்பது மாதம். நான் ஆபீஸ் போய்வரும் வரை அவளைப் பார்த்துக்கொள்பவர் ரோசலின் அக்காதான்.

வழக்கம்போல் பையைத் திறந்து ஒப்பிக்க ஆரம்பித்தேன்.

"பத்து மணிக்கு ஆப்பிள் கூழ். நல்லா ஆறவெச்சிக் குடுங்க. மூக்கு லேசா ஒழுகுதுக்கா. சளியா, இல்ல பல்லு மொளைக்கிறதான்னு தெரியல."

"வெள்ளிக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க சுமதிம்மா."

"அப்பவும் தெரியலையேக்கா."

அவர் சிரித்தார். எனக்குக் கிளம்ப மனமில்லை. தினமும் அந்த வாசலில் இரண்டு நிமிடம் எதையாவது கேட்டுக்கொண்டு நிற்பேன். அன்று பூவைப் பற்றிக் கேட்டேன்.

"இதுவா? நேத்து சர்ச்சில குடுத்தாங்க. ஈஸ்டருக்கு முன்னால வர்ற லெந்து காலத்துல நாலாவது ஞாயிறு இல்ல? அம்மாங்களுக்குன்னு ஆளுக்கொரு பூச்செண்டு. பிள்ளைங்க கையால குடுக்கணும். எம் பையன் துபாய்ல இருக்கானே, அதனால பாஸ்டர் பொண்ணு குடுத்துச்சு. வெள்ளக்காரங்க விட்டுட்டுப் போன பழக்கம்."

"எந்த நாட்டு வெள்ளக்காரங்கக்கா?"

"வெள்ளக்காரங்கள்ல என்னாம்மா எந்த நாடு? இங்க இருந்தவங்கதான். இங்கிலாந்துக்காரங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேற்று இங்கிலாந்தில் அன்னையர் தினம். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்.

உலகத்து அம்மாக்களுக்கு நானே பொறுப்பு

நான் என்ன வேலை பார்த்தேன் என்று எத்தனை முறை சொல்லியும் என் மாமனாருக்கே கடைசிவரை புரியவில்லை. கம்ப்யூட்டரில் வாழ்த்து அட்டை அனுப்பும் கம்பெனி. ரெசிடென்சி ரோடு பக்கம் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. அந்த நாட்களில் பெங்களூரில் தடுக்கி விழுந்தால் ஒரு டாட்காம் கம்பெனி மேல்தான் விழ வேண்டும்.

எங்களிடம் பதிவு செய்துகொண்டவர்களுக்கு, "வரும் ஞாயிறு அன்னையர் தினம், உங்கள் அம்மாவுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டீர்களா?" என்று மூன்று நாள் முன்னதாக நினைவூட்டல் போகும். எந்த நாட்டுக்கு எந்த நாள் என்ற பட்டியலைத் தயாரித்தவள் நான். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியதும், "நீங்கதான் இப்ப அம்மா ஆச்சே" என்று சொல்லி அதை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. போன வாரம் இந்தத் தொடரில் வந்த என் பிரசவக் கதையைப் படித்துவிட்டு, வலி எடுத்த நேரத்தை எல்லாம் நோட்டில் எழுதிவைத்தீர்களா என்று ஒரு வாசகி ஆச்சரியப்பட்டிருந்தார். எழுதித்தான் வைத்தேன். அதே போல நூலகத்தில் உட்கார்ந்து இதற்கும் ஒரு நோட்டு நிரப்பினேன்.

தாய்லாந்தில் ராணியின் பிறந்தநாள்தான் அன்னையர் தினம். பிள்ளைகள் அம்மாவுக்கு மல்லிகை கொடுத்து விழுந்து வணங்குவார்கள். ஜப்பானில் சிவப்புக் கார்னேஷன் பூ. மெக்சிகோவில் விடியற்காலையில் அம்மாவின் ஜன்னலுக்கு வெளியே நின்று பாடுவார்களாம். தூங்குகிற ஒருத்தியை எழுப்பித்தான் கௌரவிக்க வேண்டுமா என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். அப்போது நித்யா இரவில் நான்கு முறை எழுந்துகொண்டிருந்தாள்.

எத்தியோப்பியாவில் மழைக்காலம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் அம்மா வீட்டில் கூடுவார்கள். பெண்கள் காய்கறி, வெண்ணெய் கொண்டுவருவார்கள், பையன்கள் இறைச்சி. எல்லாவற்றையும் சேர்த்து விருந்து சமைப்பது யார் என்றால், அம்மா. அதைப் படித்தபோது எத்தியோப்பியா எனக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது.

நேபாளத்தில் ஒரு குளம் இருக்கிறது. அம்மா இல்லாதவர்கள் குறிப்பிட்ட ஒரு அமாவாசையில் அங்கே போய்க் குளிப்பார்கள். தண்ணீரில் அம்மாவின் முகம் தெரியும் என்று நம்பிக்கை. என் அம்மா நான் கல்லூரியில் படிக்கும்போதே போய்விட்டார். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு மூடிவைத்தேன். மூக்கு ஒழுகுவது சளியா பல்லா என்று கேட்க எனக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது செர்பியா. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, பிள்ளைகள் பதுங்கி வந்து அம்மாவின் காலைக் கயிற்றால் கட்டிவிடுவார்கள். இனிப்போ பரிசோ கொடுத்துத்தான் அவள் தன்னை மீட்டுக்கொள்ள வேண்டும். உலகத்திலேயே உண்மையை மறைக்காத ஒரே நாடு என்று குறித்துக்கொண்டேன்.

இத்தனையும் படித்தவள் இங்கிலாந்தை எப்படி விட்டேன்? மிகச் சுலபமாக. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் மே மாதம் இரண்டாவது ஞாயிறு. இங்கிலாந்தையும் அதோடு சேர்த்துவிட்டேன். ஆங்கிலம் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே நாளில்தான் அம்மாவை நினைப்பார்கள் என்று, மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்துக்குப் பயந்தே வளர்ந்த நான் முடிவுகட்டியிருந்தேன். எத்தியோப்பியாவைத் தேடிப் படித்தேன். இருநூறு வருடம் இங்கேயே குடியிருந்தவர்களைப் படிக்கவில்லை.

தாமதம்தான், மறதி இல்லை

எங்கள் மேனேஜர் பிரகாஷ் ஹாசன்காரர். கோபம் வந்தால் ஆங்கிலத்திலிருந்து கன்னடத்துக்கு இறங்கிவிடுவார். அன்று நான் உள்ளே போனபோதே இறங்கியிருந்தார்.

"ஏன்ரீ சுமதி, இங்கிலெண்ட் எல்லிகே ஹோயித்து?"

இங்கிலாந்து எங்கே போயிற்று என்று கேட்டால் என்ன சொல்வது? மே மாதத்தில் இருக்கிறது சார் என்றேன்.

இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்திருந்தன. ஒருவர், தன் அம்மா ஞாயிறு முழுக்கத் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாக எழுதியிருந்தார். "உங்களை நம்பினேன்" என்று முடித்திருந்தார். தன் தாயை நினைத்துக்கொள்ள ஜீவனஹள்ளியில் இருக்கும் ஒருத்தியை நம்பிய அந்த மனிதரை நினைத்து எனக்கு அழுகை வந்தது. பாத்ரூமில் போய் அழுதேன். வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானத்துக்குள் ஏதாவது செய் என்றார் பிரகாஷ். காது தொங்கிய நாய்க்குட்டிப் படம் ஒன்று கிடைத்தது. அதன் கீழே, "தாமதம்தான் அம்மா, மறதி இல்லை" என்று பொருள்படும் ஆங்கில வரி ஒன்றை எழுதினேன். பச்சைப் பொய். ஆனால் பச்சைப் பொய்களுக்கு உலகம் முழுக்கத் தேவை இருக்கிறது. இரண்டே நாளில் எங்கள் தளத்தில் அதிகம் பேர் அனுப்பிய அட்டை அந்த நாய்க்குட்டிதான். நாங்கள் சரியாக நினைவூட்டிய எந்த நாட்டுக்கும் அவ்வளவு அட்டைகள் போனதில்லை.

பிரகாஷ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. எல்லா நாட்டையும் ஒரு வாரம் லேட்டா ஞாபகப்படுத்தினா?"

விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்ப முயற்சி செய்கிறேன்.

தவறுக்குத் தண்டனையாக எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மே மாதம் வரும் அமெரிக்க ஞாயிறு முழுப் பொறுப்பும் என்னுடையது. அது எங்களுக்குத் தீபாவளி, பொங்கல் எல்லாம் ஒன்றாய் வருவதுபோல. அதற்கு முந்தின வாரங்களில் வீட்டுக்குப் போக எட்டு, ஒன்பது ஆகும் என்றார்கள்.

அண்ணி கேட்டது

என் கணவர் ரவி அப்போது நியூ ஜெர்ஸியில் இருந்தார். ஆபீஸ் அனுப்பி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய அக்கா கலாவதி அண்ணி குடியாத்தத்தில் இருந்தார். இரண்டும் ஆண் பிள்ளைகள். கல்லூரிக்குப் போகிற வயது. ஜனவரியிலிருந்தே அண்ணி ஒரே விஷயத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷம் சுமதி. கொழந்தைய எங்கிட்ட வுடு. நடந்து, பேசி, சொன்னா புரியற வயசு வந்ததும் கூட்டிக்கினு போ. நான் இன்னா வளக்காதவளா? அங்க யாரோ ஒரு பொம்பளகிட்ட வுடறியே, அவளுக்கு மேல நான் யாரோவா?"

எங்கள் ஆபீஸிலேயே மூன்று பேருடைய குழந்தைகள் இப்படி ஊரில் வளர்ந்தன. மேஜையில் போட்டோ வைத்திருப்பார்கள். மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை கண் வீங்கி வருவார்கள். யாரும் அதைத் தப்பாகப் பேசியதில்லை. பொறுப்பானவர்கள் என்றுதான் பேசினார்கள்.

இங்கிலாந்து விஷயம் நடக்கும்வரை நான் பிடிகொடுக்காமல் இருந்தேன். அதற்குப் பிறகு என் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது. ஒரு தேசத்து அம்மாக்களையே மறந்தவள் ஒரு தடுப்பூசியை மறக்கமாட்டாளா?

ரவியிடம் போனில் கேட்டேன்.

"அக்காகிட்ட இருந்தா நீ நிம்மதியா வேலை பாக்கலாம். ஆனா உனக்கு எது சரின்னு தோணுதோ அப்படிச் செய்" என்றார்.

எனக்கு எது சரி என்று தோன்றியிருந்தால் நான் ஏன் இவரைக் கேட்கப்போகிறேன்? சரி அண்ணி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்குச் சரி என்றுதான் அர்த்தம்.

அண்ணிக்கு வர வசதியான நாள் ஒரு ஞாயிறு. காலெண்டரைப் பார்த்தேன். மே மாதம், இரண்டாவது ஞாயிறு.

கொடுத்த கை

ஏற்பாடு இதுதான். ஞாயிறு காலை அமெரிக்காவில் இன்னும் சனிக்கிழமை இரவு. கடைசி நினைவூட்டல்களை அனுப்ப நான் எட்டு மணிக்கே ஆபீஸில் இருக்க வேண்டும். ரோசலின் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதில்லை. அன்று மட்டும், காலை ஆராதனைக்கு நித்யாவையும் தூக்கிப்போவதாகச் சொல்லி ஒத்துக்கொண்டார். மத்தியானம் அண்ணி நேரே அக்கா வீட்டுக்கு வந்து குழந்தையை வாங்கிக்கொண்டு, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மூன்றரை மணி வண்டியைப் பிடிப்பார்.

இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. நித்யா போகும்போது நான் அங்கே இருக்க வேண்டியதில்லை. அதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

காலையில் அவளை அக்காவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தேன். பையோடு இரண்டு பக்கக் குறிப்பும் வைத்திருந்தேன். எந்தப் பாட்டிலை எத்தனை நிமிடம் கொதிக்கவைப்பது, எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூங்குவாள், எல்லாம்.

ஒரு மணி இருக்கும். என் மேஜை போன் அடித்தது.

"சுமதிம்மா, நான் ரோசலின். போன் பூத்துல இருந்து பேசறேன். உங்க நாத்தனார் வந்திருக்காங்க."

"ஆமாக்கா. பை எல்லாம் ரெடியா இருக்கு. குடுத்துடுங்க."

"நான் குடுக்கமாட்டேன்."

ரோசலின் அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கை குழந்தையைக் கொடுத்ததோ அந்தக் கையில்தான் திருப்பிக் கொடுப்பார். எப்போதோ ஒரு குழந்தையின் அப்பா வந்து தூக்கிக்கொண்டு போய், அது போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கிறது. அதிலிருந்து இப்படி. ரவி அமெரிக்கா கிளம்பும் முன் ஒருநாள் நித்யாவை அழைத்துவரப் போனபோது, அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, நான் வரும்வரை உட்காரவைத்துவிட்டார். பெற்ற அப்பனை! எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"அக்கா, அவங்க என் வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவங்க. காலையிலேயே சொல்லிட்டுத்தானே வந்தேன்?"

"தங்கமான மனுஷிதான். எனக்கும் நாலு மாம்பழம் குடுத்தாங்க. அதுக்கென்ன? நீங்கதான் எங்கிட்ட குடுத்தீங்க. நீங்க வந்து வாங்கி, உங்க கையால அவங்களுக்குக் குடுங்க. அப்புறம் பிள்ள எங்க வேணும்னாலும் போகட்டும். எனக்கென்னம்மா?"

"வண்டி மூணரைக்குக்கா."

"ஆட்டோல வந்தா இருபது நிமிஷம்" என்று வைத்துவிட்டார்.

பிரகாஷிடம் போய் நின்றேன். "அர்த கண்டே" என்றார். அரை மணி நேரம். அமெரிக்காவின் அம்மாக்களை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன்.

அக்கா வீட்டு வாசலில் ஒரு நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். கையில் என் இரண்டு பக்கக் குறிப்பு.

"இது இன்னா சுமதி, கொழந்தைக்கா, மிக்சிக்கா? கூடவே கேரண்டி கார்டு வெக்கலியா?"

ரோசலின் அக்கா நித்யாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றுகொண்டார். நித்யாவின் வாயைச் சுற்றி மாம்பழச் சாறு. பவுடரும் மாம்பழமும் கலந்த வாசனை. என் கழுத்திலிருந்த ஆபீஸ் அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அண்ணி எழுந்து கையை நீட்டினார். "குடு. நேரமாவுது."

நான் கையை நீட்டினால் போதும். அரை அடி தூரம்தான். எத்தனையோ நாட்டு வழக்கத்தை நோட்டில் எழுதியவளுக்கு இது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஆனால் கை அசையவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அண்ணி, அவளுக்கு மூக்கு ஒழுகுது."

"அதுக்கு?"

"சளியா, பல்லான்னு தெரியல. தெரிஞ்சப்புறம் அனுப்பறேனே."

"எப்பத் தெரியும்?"

"தெரியல அண்ணி."

தண்ணீர்க் குழாயில் யாரோ குடத்தை இடித்தார்கள். அண்ணி நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் கொடுத்திருப்பேன். பிறகு பையைத் திறந்து நான்கு சின்னப் பருத்திச் சட்டைகளை எடுத்து நாற்காலி மேல் வைத்தார். புதிதாய்த் தைத்தவை. பட்டனுக்குப் பதில் நாடா. குழந்தைக்குக் குத்தக்கூடாது என்று. என் இரண்டு பக்கத்தில் அது இல்லை.

"நேத்தே போன்ல சொல்லியிருந்தா இந்த மாம்பழக் கூடைய தூக்கிக்கினு வந்து தோள்பட்ட போயிருக்காது" என்றார். வாசலைத் தாண்டியதும் திரும்பி, "ரவிகிட்ட நான் சொல்லமாட்டேன். நீயே சொல்லிக்க" என்றார். மூன்றரை மணி வண்டியில் தனியாகப் போனார். ஒரு வருடத்துக்கு எங்களோடு சரியாகப் பேசவில்லை.

அக்கா டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் செய்தது சரியா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நான் உங்க கையில குடுத்துட்டேன். அவ்வளவுதான் என் வேலை. இன்னைக்கு ஞாயித்துக்கிழம, கதவச் சாத்தணும்."

மீட்பு

வேறு வழியில்லாமல் நித்யாவையும் தூக்கிக்கொண்டு ஆபீஸுக்கே போனேன். பிரகாஷ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஃபோட்டோ தெகீரி, சைட்நல்லி ஹாக்கோணா" என்றார். ஒரு போட்டோ எடுங்கள், தளத்தில் போடலாம் என்கிறார். நல்லவேளை, கேமராவில் பிலிம் ரோல் இல்லை.

மேஜைக்குக் கீழே விரிப்புப் போட்டு அவளை உட்காரவைத்தேன். வயர்ப் பக்கம் தவழ்ந்து போகாமலிருக்க, என் துப்பட்டாவை அவள் இடுப்பில் தளர்வாகச் சுற்றி, மறுமுனையை மேஜைக் காலில் கட்டினேன். அமெரிக்கா விழித்தெழுந்து அட்டைகள் பறக்கத் தொடங்கிய நேரம். திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

சாயங்காலம் எழ முயன்றபோது கால் நகரவில்லை. குனிந்து பார்த்தேன். மேஜைக் காலையும் என் கால்களையும் மாறி மாறிச் சுற்றித் தவழ்ந்திருக்கிறாள். துப்பட்டா என் கணுக்காலில் மூன்று சுற்று. அவள் நடுவில் உட்கார்ந்து, மூக்கொழுக, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு குளுக்கோஸ் பிஸ்கட் கொடுத்துத்தான் என்னை மீட்டுக்கொண்டேன்.

அவளை வைத்துக்கொண்டது நல்லதுதானா என்று பிறகு வந்த இரண்டு வருடமும், ஒவ்வொரு காய்ச்சலின்போதும் யோசித்தேன். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், இப்போதும் யோசிக்கிறேன். மூக்கு ஒழுகியது பல்லால்தான். அது தெரிந்து அண்ணிக்குப் போன் செய்தபோது, "சரி, இப்ப தெரிஞ்சிட்டுதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

ரவியிடம் அந்த ஞாயிறு இரவே சொன்னேன். சாப்பிட்டாயா என்று கேட்டார். அவர் இருந்தது அமெரிக்காவில். சுற்றிலும் கடை கடையாக அன்னையர் தினம். போதாததற்கு நானே என் கையால் மூன்று நினைவூட்டல்கள் அவருக்கு அனுப்பியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ரவியிடமிருந்து எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. திறந்தேன். காது தொங்கிய நாய்க்குட்டி.